முப்பத்தெட்டு டிகிரி மணி

அத்தியாயம் 7

“கருப்பணனை மேடையில வச்சு அழ வைக்கணும். அம்புட்டுத்தான் கேசு,” என்றாள் முத்துச்செல்வி.

“அதுக்குத் துப்பறியவே வேணாமே. கீழ கடையில ரெண்டு கிலோ வத்தல் வாங்கிட்டுப் போனாப் போதும்,” என்றேன்.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு ஜன்னலையும் மூடினேன். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே மூட்டை பிரிக்கும் நேரத்தில் வருகிறவர்கள், கவலையே இல்லாவிட்டாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். இவள் துடைக்கவில்லை. நாற்பத்து நான்கு வயதிருக்கும். சிவகாசியில் ஒரு பைண்டிங் கம்பெனியில் கேலண்டரின் மேல் விளிம்பில் தகரப் பட்டை அடிக்கிற வேலை. பத்து விரலிலும் தகரக் கீறல். கண் மட்டும் காய்ந்து கிடந்தது.

எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேடத்தின் பெயர் அருணாதேவி. இருபது வருஷம் தீ விபத்து இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். எரிந்துபோன ஷெட்டுகளில் சாம்பலைக் கிளறி, முதலாளிகள் சொன்ன பொய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தவர். நான் ஜெய்லானி. பதினைந்து வருஷம் திருத்தங்கல் அச்சகங்களில் பிளேட் மாட்டினேன். பிறகு என் வாய் என் வேலையைத் தின்றுவிட்டது. இப்போது மேடத்துக்கு உதவியாளன், டிரைவர், டீ வாங்குகிறவன்.

“முதல்லேருந்து சொல்லும்மா,” என்றார் மேடம்.

“எங்கப்பா சீனிச்சாமி. திருத்தங்கல் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் வாத்தியார். எண்பத்தெட்டுல அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்துச்சு. டிவி பெட்டியில எழுத்து வரும், டேப் ரெக்கார்டர் கேசட்டுல பதியும். மத்த வாத்தியாரெல்லாம் அதுக்குப் பூ வச்சு பூட்டி வச்சாக. எங்கப்பா மட்டும் பிரிச்சு மேஞ்சாரு. சூட்டை அளக்குற ஒரு சின்னக் கருவி செஞ்சு, அதை கம்ப்யூட்டரோட சேத்து, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துனாரு. ஐஸ் கரையறதை நிமிஷத்துக்கு நிமிஷம் எண்ணாப் பாத்தா பிள்ளைக வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கும்.”

“நல்ல காரியந்தானே.”

“நல்லதோட நிறுத்தலையே. நம்ம ஊருல சூடு ஏறினா பட்டாசு மருந்து கலக்குற ஷெட்டு வெடிக்கும். காலையில வெயில் ஏறுறதுக்குள்ள கலந்து முடிச்சிரணும். சீசன் வந்துட்டா எவன் முடிக்கிறான்? எங்கப்பா கருப்பணன் கம்பெனி ஷெட்டுல அந்தக் கருவியை வச்சாரு. அறுபது அடி தள்ளி ஆபீஸ் ரூம்ல பள்ளிக்கூடத்து கம்ப்யூட்டர். ஷெட்டுல சூடு முப்பத்தெட்டத் தொட்டா ஆபீஸ்ல மணி அடிக்கும். உடனே வேலையை நிறுத்திரணும். அதான் ஏற்பாடு.”

அடுத்தது எனக்குத் தெரியும். திருத்தங்கலில் பிறந்த எவனுக்கும் தெரியும். 1989 செப்டம்பர் பதினாலாம் தேதி அந்த ஷெட் வெடித்தது. நாலு பெண்கள் செத்தார்கள். வாத்தியாருடைய கரண்ட் வயரிலிருந்து தீப்பொறி பறந்துதான் வெடித்தது என்று முடிவானது. வாத்தியாரின் வேலை போனது, பதினாலு மாசம் ஜெயில். ஊர் அவரை அப்புறமும் விடவில்லை. “வயர் வாத்தியார்” என்று சின்னப் பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டு ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தடவை நானும் ஓடியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

“போன மாசம் அப்பா செத்துட்டாரு,” என்றாள். “நாலு பேரு கூட தூக்க வரல. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் இது தபால்ல வந்துச்சு. அனுப்புனவுக பேரு இல்ல.”

மேஜையில் ஒரு பழைய கேசட்டை வைத்தாள். அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டில் இரண்டு வரி: 14-9-89. 11.02.

“நாளைக்குக் காலையில அதே பள்ளிக்கூடத்துல புதுக் கம்ப்யூட்டர் லேப் திறக்குறாக. கருப்பணன் கட்டிக் குடுத்தது. அவன் பேரையே வச்சிருக்காக. அந்த போர்டு ஏறுறதுக்குள்ள எனக்கு உண்மை வேணும். ஊரு முன்னால வேணும்.”

“இதை யார்கிட்டயாவது காட்டினியா?”

“பள்ளிக்கூடத்து வக்கீல்ட்ட காட்டுனேன். சீட்டை உரிச்சுப் பின்பக்கம் பாத்துட்டு சிரிச்சாரு. பின்னால தொண்ணூறு ஜனவரி கேலண்டர் அச்சாயிருக்கு. எண்பத்தொம்பது செப்டம்பர்ல நடந்ததுக்கு அடுத்த வருசத்துக் கேலண்டர் எங்கேருந்தும்மா வந்துச்சு, நீயா ஒட்டிட்டு வந்தியான்னு கேட்டாரு.”

“வக்கீலுக்கு எந்த ஊரு?” என்றேன்.

“மெட்ராஸ்.”

“அதான் பாத்தேன். அவுகளுக்கு ஜனவரி ஜனவரியிலதான் வரும். நமக்கு ஆடி பதினெட்டுலயே வந்திரும்.”

மேடம் புருவத்தை உயர்த்தினார். நான் சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். சிவகாசியில் அடுத்த வருஷத்துக் கேலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்றைக்கே பூஜை போட்டு வெளியிட்டுவிடுவார்கள். அதன் பிறகு ஊர் முழுக்க அடுத்த வருஷம்தான் ஓடும். அந்தச் சீட்டில் சிவப்பு மை கறுப்பை விட்டு ஒரு நூல் விலகியிருந்தது. அப்படி விலகின தாள் கடைக்குப் போகாது. கழிவுக் கட்டில் விழும். செப்டம்பரில் அப்படிப்பட்ட தாள் திருத்தங்கலில் மூட்டை மூட்டையாகக் கிடந்திருக்கும்.

“இதையேதான் நானும் சொன்னேன்,” என்றாள் முத்துச்செல்வி. “தகரம் அடிக்கிறவ பேச்சை வக்கீல் எங்க கேப்பாரு?”

“பதினொண்ணு புள்ளி பூஜ்யம் ரெண்டுன்னா என்ன? பீரோ நம்பரா?” என்று கேட்டேன்.

“அதைக் கேசட்டுகிட்டயே கேப்போம்,” என்று மேடம் கைப்பையை எடுத்தார். “விசாரணை அறிக்கை இருக்கா?”

அவள் நைந்துபோன ஒரு ஜெராக்ஸ் கட்டை நீட்டினாள். காரில் போகும்போது மேடம் அதைப் படித்தார். ஒரு இடத்தில் பென்சிலால் கோடு போட்டு எனக்கும் வாசித்துக் காட்டினார். கருப்பணன் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம்: “சம்பவத்தன்று நான் மதுரையில் இருந்தேன். வாத்தியார் கேட்டதால் அனுமதி கொடுத்தேனே தவிர, அந்தக் கருவியை என் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.”

“கண்ணால பாக்காமலே கையெழுத்து போடுறதுதான் முதலாளி லட்சணம்,” என்றேன். மேடம் சிரிக்கவில்லை. பென்சில் கோட்டை இன்னொரு தடவை அழுத்திப் போட்டார்.

*

பள்ளிக்கூட வாசலில் கருப்பணனின் படம் போட்ட பேனர் இருபது அடிக்கு நின்றது. “கல்வி வள்ளலே வருக”. உள்ளே மைதானத்தில் தகரக் கூரையோடு பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிசிக்ஸ் டீச்சர் யாஸ்மின் எங்களைப் பழைய லேபுக்குள் கூட்டிப் போனார். முப்பது வயதுதான் இருக்கும். விழாவில் காட்சிக்கு வைப்பதற்காக அந்தப் பழைய கம்ப்யூட்டரை அவர்தான் தூசி தட்டி ஓட வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு சின்ன டிவி, பித்தளை மணி ஒன்று.

“இது மேல எனக்கு ஒரு கிறுக்கு மேடம்,” என்றார் யாஸ்மின். “சீனிச்சாமி சாரோட நோட்டும் அலமாரியிலேயே இருந்துச்சு. புரோகிராம் பூரா கையால எழுதி வச்சிருக்காரு. படிச்சுப் பாத்தா நான் நடத்துறது பாடமே இல்லன்னு தோணுது.”

முத்துச்செல்வி அந்த நோட்டைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

கேசட் ஓடியது. கிரைண்டரில் கல் மாட்டினது போல ஒரு சத்தம். “பாட்டு சுமார்தான்,” என்றேன். ஆனால் டிவியில் எண்கள் வரத் தொடங்கியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 31. 31. 32. எண் வரிசை திரையில் கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. 35. 36. 37. செத்துப்போன ஒரு காலைப்பொழுது நிமிஷம் நிமிஷமாகச் சூடேறிக்கொண்டிருந்தது.

38. 38. அதற்குப் பிறகு 0. 0. 0. திரை நிறையப் பூஜ்யம்.

“பூஜ்யம்னா என்னம்மா? ஐஸ் விழுந்துருச்சா?” என்று கேட்டேன்.

“கருவியை கழட்டிட்டாங்கன்னு அர்த்தம்,” என்றார் யாஸ்மின். “கம்ப்யூட்டர் ஓடுது, ஆனா ஷெட்டுலேருந்து வர்ற வயர் அதுல இல்ல. இங்க பாருங்க.”

பெட்டியைத் திருப்பிக் காட்டினார். பின்னால் ஆறு வயர்கள் செருகியிருந்தன. நான் தைரியமாக ஒரு கறுப்பு வயரில் கை வைத்தேன். “ஐயோ, அது கரண்ட் சார். அதை இழுத்தா எல்லாமே செத்துரும். பச்சைதான் கருவிக்குப் போறது,” என்று என் கையைத் தட்டிவிட்டார். பச்சை வயரைப் பிடுங்கினார். திரையில் பூஜ்யம் வந்தது. திரும்பச் செருகினார். 34.

“கேசட்டுல மொத்தம் எத்தனை எண்?” என்று மேடம் கேட்டார்.

“முந்நூத்தி எழுபத்தேழு. நிமிஷத்துக்கு ஒண்ணு. தினம் எட்டு மணிக்கு ஆரம்பிப்பாருன்னு நோட்டுல இருக்கு.”

மேடம் அறிக்கையின் ஓரத்தில் கணக்குப் போட்டார். “எட்டு மணியோட முந்நூத்தி எழுபத்தேழு நிமிஷம். ரெண்டு பதினேழு. ஷெட் வெடிச்ச நேரம் அறிக்கையில என்ன தெரியுமா? அதே ரெண்டு பதினேழு. வெடிச்சதும் கரண்ட் போயிருக்கு, பதிவும் நின்னிருக்கு. ஆக இது அந்த நாள்தான். வேற எந்த நாளும் இல்ல. பூஜ்யத்துக்கு முன்னால எத்தனை?”

“நூத்தி எண்பத்திரண்டு.”

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். “மூணு மணி நேரம் ரெண்டு நிமிஷம். பதினொண்ணு ரெண்டு.”

நாலு பேரும் சீட்டைப் பார்த்தோம். 11.02.

“மணி அடிச்சிருக்கு,” என்றாள் முத்துச்செல்வி. அவள் குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. “மணி அடிக்கவும் வயரைப் பிடுங்கிருக்கான். பிடுங்கிட்டு மூணே கால் மணி நேரம் வேலை வாங்கிருக்கான். பிடுங்கிப் போட்ட வயருல கரண்டே இல்ல. கரண்டே இல்லாத வயரு பொறி விட்டுச்சுன்னு எங்கப்பாவை உள்ள வச்சிருக்கான்.”

மேஜை மேல் இருந்த ஸ்க்ரூ டிரைவரை அவள் எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. யாஸ்மின் மெல்ல வாங்கி வைத்தார்.

“டீச்சர், இந்தக் கேசட்டை இதுக்கு முன்னால யாராவது ஓட்டிப் பாத்திருக்க முடியுமா?” என்றார் மேடம்.

“வாய்ப்பே இல்ல. மெஷின் கேஸ் முடியிற வரைக்கும் கோர்ட்ல இருந்திருக்கு. வந்ததும் பூட்டிட்டாங்க. போன மாசம் நான்தான் பிரிச்சேன். இந்த ஏரியாவுல வேற மெஷினும் கிடையாது.”

மேடம் “ம்” என்றார். அந்த “ம்” எனக்குப் பழக்கம். சாம்பலுக்குள் ஏதோ தட்டுப்பட்டால் வருவது.

நான் அதற்குள் அலமாரியில் இருந்த மருந்து பாட்டில்களை மேய்ந்துகொண்டிருந்தேன். மூலையில் பழைய பாட்டில் வரிசை. மயில்துத்தம், படிகாரம், கந்தகம். ஒவ்வொன்றிலும் நம்பரும் பேரும் எழுதின சின்னச் சின்னச் சீட்டு. ஒன்றை நகத்தால் நிமிண்டிப் பின்னால் பார்த்தேன். தொண்ணூறு ஜனவரி. சிவப்பு மை ஒரு நூல் விலகல்.

“மேடம், அச்சுக்காரன் கண்ணு சும்மா இருக்காது,” என்று பாட்டிலையும் கேசட்டையும் பக்கத்தில் வைத்தேன். ஒரே தாள். ஒரே கையெழுத்து. ஒன்று என்ற எண்ணுக்கு ஒரே மாதிரி கொம்பு.

“பாட்டிலுக்குச் சீட்டு எழுதுனது யாரு?”

“லேப் அட்டெண்டர் எழுதியிருப்பாரு,” என்றார் யாஸ்மின். “அந்தக் காலத்துல ஹாமித் பாய் இருந்தாரு. இப்ப மைக் செட் வச்சிருக்காரு. வேற எங்கேயும் போக வேணாம். அந்தா, பந்தல்ல ஏணி மேல நிக்கிறது அவர்தான்.”

*

ஹாமித் பாய்க்கு அறுபது வயது. குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு இறங்கி வந்தவர், முத்துச்செல்வியின் முகத்தைப் பார்த்ததும் கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

“கேசட் அனுப்புனது நீங்களா?” என்றாள் அவள்.

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

முத்துச்செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள். காலையிலிருந்து காய்ந்து கிடந்த கண் அப்போதுதான் முதல் தடவையாக நனைந்தது. “முப்பத்தாறு வருசம் பத்திரமா வச்சிருந்து குடுத்திருக்கீக. நீங்க நல்லா இருக்கணும். நீங்க ஒருத்தராவது எங்கப்பாவை நம்பிருக்கீகளே.”

ஹாமித் பாய் கும்பிட்ட கையைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

“கும்பிடாதம்மா,” என்றார் மேடம். “பாய், ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேசட்டை யாரும் ஓட்டிப் பாக்கல. பாக்கவும் முடியாது. நாங்களே எண்ணிப் பாத்துத்தான் பதினொண்ணு ரெண்டைக் கண்டுபிடிச்சோம். நீங்க எப்படி அதைச் சீட்டுல முன்கூட்டியே எழுதினீங்க?”

ஹாமித் பாய் கடைசிப் படியில் உட்கார்ந்தார்.

“சுவத்துல கடிகாரம் இருந்துச்சு,” என்றார் ஹாமித் பாய். “பிடுங்கையில பாத்தேன்.”

முத்துச்செல்வியின் கை கும்பிட்டபடியே நின்றது. பிறகு இறங்கியது.

“சார் எட்டு மணிக்கு மெஷினைப் போட்டுட்டு கிளாஸ் எடுக்கப் போயிட்டாரு. என்னையத்தான் காவலுக்கு உக்கார வச்சாரு. பதினோரு மணிக்கு மணி அடிச்சிச்சு. ஷெட்டுக்கு ஓடி நிறுத்தச் சொல்லலாம்னு எந்திரிச்சேன். மொதலாளி உள்ள வந்தாரு. வாசல்ல லாரி நிக்குது, தீபாவளி லோடு இன்னைக்கு ஏறணும், பிடுங்குலேன்னாரு. எது எந்த வயருன்னு எனக்குத் தடுமாறுச்சு. அவருதான் விரலை நீட்டிக் காட்டுனாரு. பிடுங்குனேன். மெஷினை அணைக்கச் சொல்லல, நானும் அணைக்கல.”

“மதுரையில இருந்தேன்னு சொன்ன ஆளு,” என்றேன்.

“விசாரணையில அந்த வயரு கடைசி வரைக்கும் மெஷின்லதான் இருந்துச்சுன்னு நான் சாட்சி சொன்னேன் தம்பி. அதுக்குத்தான் இந்த மைக் செட்டு. மொதலாளி வாங்கிக் குடுத்தது. கேசட்டை எரிச்சிரலாம்னுதான் எடுத்தேன். தீப்பெட்டியைக் கையில எடுத்தா கை வரல. நாலு பேரு எரிஞ்சதைப் பாத்த அன்னைக்கு இன்னொண்ண எப்படிக் கொளுத்துவேன்? நேரத்தை எழுதி பீரோவுல போட்டேன்.”

“எங்கப்பா சாகுற வரைக்கும் என்ன சொன்னாருன்னு தெரியுமா?” என்றாள் முத்துச்செல்வி. “ஹாமித் பக்கத்துலதான் இருந்தான், அவன் நல்ல பையன், அவனுக்குத் தெரியாம என்னமோ நடந்திருக்குன்னு சொன்னாரு. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை பேச விட மாட்டாரு. அவரு உசுரோட இருக்கையில வந்து வாசல்ல நின்னிருந்தாப் போதுமே. செத்த பெறகு தபால்ல அனுப்புறீக.”

ஹாமித் பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். “என்ன வேணாலும் செய்யி தாயி. போலீஸ்ல எழுதிக் குடுக்கறேன்.”

“அது பத்தாது பாய்,” என்றார் மேடம். “ரூம்ல நீங்க ரெண்டு பேருதான். அவரு இல்லன்னு சொல்லிட்டா, ஏற்கெனவே பொய் சாட்சி சொன்ன உங்க பேச்சு எடுபடாது. அவரு வாயிலேருந்தே வரணும். அவரு அந்த ரூம்ல இருந்தாருங்கிறது.”

முத்துச்செல்வி கண்ணைத் துடைத்தாள். முகம் மறுபடி காலையில் பார்த்த முகமாக ஆனது. ஹாமித் பாயிடம் நெருங்கிப் போய் ஏதோ ஒரு வாக்கியம் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. பாய் மட்டும் அவளை நிமிர்ந்து பார்த்து, சரி என்று தலையாட்டினார். அவர் பெண்சாதி சாலிஹா தூக்குவாளியில் டீ கொண்டு வந்து நீட்டினார். முத்துச்செல்வி வாங்கவில்லை.

*

மறுநாள் பத்து மணிக்கே பந்தலின் தகரக் கூரை பொரித்துக்கொண்டிருந்தது. கருப்பணன் வந்தார். எண்பத்தொரு வயது, வெள்ளை வேட்டி, கழுத்தில் ஆள் உயர மாலை. பக்கத்தில் டி.எஸ்.பி. விருந்தினராக உட்கார்ந்திருந்தார். மேடையின் ஓரத்து மேஜையில் பழைய கம்ப்யூட்டர். “நம் பள்ளியின் முதல் கணினி” என்று யாஸ்மின் அழகாக எழுதி வைத்திருந்தார். பித்தளை மணியின் மேல் ஒரு பூத்துணி. கருவியின் நீண்ட வயர் மேஜைக்குப் பின்பக்கமாக, யார் கண்ணிலும் படாமல் இறங்கி, மேடைக்குப் பின்னால் டீ வைத்திருந்த இடம் வரைக்கும் வந்திருந்தது. டீ பரிமாறுகிறவர்களில் முத்துச்செல்வியும் ஒருத்தி. தகரம் அடிக்கிறவளை யார் கவனிக்கப் போகிறார்கள்?

கருப்பணன் பேசினார். விஞ்ஞானம் வேண்டும் என்றார். ஆனால் விவரம் தெரியாதவன் கையில் விஞ்ஞானம் கிடைத்தால் ஆபத்து என்றார். “இதே பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியாரு வயரை வச்சு வெளையாண்டு நாலு உசுரைக் குடிச்சாரு. நான் அவரை மன்னிச்சிட்டேன்.”

மன்னித்துவிட்டாராம். எனக்கு மேடை ஏறி அந்த மாலையாலேயே அவர் வாயை அடைக்க வேண்டும் போலிருந்தது. மேடம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

முத்துச்செல்வி ஒரு டம்ளர் நிறையக் கொதிக்கிற டீயை ஊற்றினாள். அதற்குள் கருவியின் நுனியை இறக்கினாள்.

மணி அடித்தது.

கூட்டம் ஏதோ நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டியது. கருப்பணன் தட்டவில்லை. பேச்சை நிறுத்தி, தலையைத் திருப்பி, மணியைப் பார்த்தார். அது நிற்கவில்லை. பேச முயன்றார், மணி மேலே ஏறி அடித்தது. அவருடைய நெற்றியில் வேர்வை கோடாக இறங்கியது.

“ஏலே ஹாமிது,” என்றார். மைக் அவர் வாய்க்கு நேராக இருந்தது. “அதைப் பிடுங்குலே.”

ஹாமித் பாய் மேஜைக்குப் பின்னால் போய்க் குனிந்தார். ஒரு கறுப்பு வயரை மேஜைக்கு மேலே தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

“அது இல்லலே.”

சிவப்பு வயரைத் தூக்கினார்.

“அது இல்லங்கறேன்ல. பச்சைலே. பச்சையைப் பிடுங்கு.”

குழாய் ஸ்பீக்கர் வழியாக “பச்சையைப் பிடுங்கு” என்று மைதானம் முழுக்கக் கேட்டது. ஹாமித் பாய் நிமிர்ந்தார். வயரிலிருந்து கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“அன்னைக்கும் நீங்கதான் காட்டுனீக மொதலாளி. அன்னைக்குப் பிடுங்குனேன். இன்னைக்குப் பிடுங்க மாட்டேன்.”

மேடம் அதற்குள் மேடையேறி, டி.எஸ்.பி.யின் மடியில் ஜெராக்ஸ் கட்டை விரித்து வைத்திருந்தார். பென்சில் கோடு போட்ட இடத்தில் விரல். “அந்தக் கருவியை என் கண்ணால் பார்த்ததுகூட இல்லைன்னு சத்தியம் பண்ணினவர் சார். ஆறு வயர் இருக்கு. மணியை நிறுத்துறது எதுன்னு, பெட்டிக்குப் பின்பக்கத்தைப் பாக்காமலேயே, முன்னால நின்னுக்கிட்டே சொல்றார்.” டி.எஸ்.பி. வாக்குமூலத்தைப் படித்தார். பிறகு கருப்பணனைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பொன்னாடையைக் கீழே வைத்தார்.

முத்துச்செல்வி பாயிடம் சொன்ன வாக்கியம் எதுவென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தப்பான வயரைத் தொடுங்க. அவ்வளவுதான். முப்பத்தாறு வருஷமாக அந்த வயர் கருப்பணனுக்கும் மறந்திருக்காது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. வெறுப்புக்கு இருக்கிற ஞாபகசக்தி வேறு எதற்கும் இல்லை.

ஹாமித் பாய் மைக்கை எடுத்தார். “ராக்காயி. வேலுத்தாய். பத்திரகாளி. பாண்டிலட்சுமி,” என்று நாலு பேரையும் சொன்னார். பிறகு, “சீனிச்சாமி சார் மேல ஒரு தப்பும் இல்ல,” என்றார். கூட்டத்தின் நடுவில் ஒரு கிழவர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். எல்லாரும் மேடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கருப்பணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாலையைக் கழற்றக்கூடக் கை எழவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

நான் மேடைக்குப் பின்னால் போனேன். முத்துச்செல்வி டம்ளருக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அழலையேம்மா அந்த ஆளு,” என்றேன்.

“அழ வேணாம். கேக்கட்டும்.”

“எம்புட்டு நேரத்துக்கு?”

அவள் மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “மூணே கால் மணி நேரம் அதை நிறுத்தி வச்சிருந்தான்ல?”

டம்ளரை விரலால் தொட்டுப் பார்த்தாள். சூடு குறைந்திருந்தது போல. டீயைக் கீழே கொட்டிவிட்டு, கேனிலிருந்து கொதிக்கக் கொதிக்க அடுத்த டம்ளரை ஊற்றினாள்.